கால் விநாடித் தாமதம்

ஆரணி,
26-6-2009, வெள்ளிக்கிழமை

அன்புள்ள மகன் திருமலைக்கு,

அம்மா ஜெயம் ஆசியுடன் எழுதுவது. இங்கே என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீயும் சௌக்கியமாக இருப்பதாகப் போன வாரம் எழுதியிருந்தாய். அதை எந்த அளவுக்கு நம்புவது என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

வழக்கம்போல் நீல மையில் எழுதி, உறையில் போட்டு, நியூ ஜெர்சி விலாசத்துக்கே அனுப்பியிருப்பேன். ஆனால் மார்ச்சில் அனுப்பிய கடிதம் போன திங்கட்கிழமை திரும்பி வந்துவிட்டது. மேலே ஒரு மஞ்சள் சீட்டு. அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. தபால்காரர் துரை அதைக் கையில் கொடுத்துவிட்டு, “இன்னாம்மா, அமெரிக்கா போயி வாபஸ் வந்துகீது, தம்பி வூடு மாறிடுச்சா?” என்று கேட்டார். ஆமாம், பெரிய வீடாகப் பார்த்துப் போய்விட்டான் என்றேன். அறுபத்தொன்பது வயதில், பகல் பதினொரு மணிக்கு, வாசலில் நின்றுகொண்டு தபால்காரரிடம் பொய் சொன்னேன். உன் உபயம்.

ஆக, உன் விலாசம் என்று என்னிடம் இப்போது மிஞ்சியிருப்பது மின்னஞ்சல் ஒன்றுதான். போனும் நீயாகச் செய்தால்தான் உண்டு. அதனால் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருக்கிற கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி நானே அடிக்கிறேன். பிழை இருந்தால் அது இயந்திரத்துடையது, என்னுடையதல்ல.

நான் இங்கே மார்ச் முதல் படித்துக்கொண்டிருக்கிறேன். உன்னிடம் சொல்லவில்லை. முடித்துவிட்டுச் சொல்லி உன்னை அசத்தலாம் என்றிருந்தேன். உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, போன பொங்கலுக்கு உன் அத்தை பூங்காவனம் என்னிடம், திருமலைக்கு என்ன வேலை என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. போனில் உன்னைக் கேட்டேன். க்ளவுட் என்றாய். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். “உனக்குப் புரியாதும்மா, விடு” என்றாய். வேலூர் கான்வென்ட்டில் கணக்குக்காக மேடையேறிப் பரிசு வாங்கியவளிடம் அப்படிச் சொல்லக்கூடாது. மூன்று மாதப் படிப்பு என்று பலகை பார்த்தேன். நெட்வொர்க், சர்வர், பாதுகாப்பு எல்லாம் சேர்த்து. சேர்ந்துவிட்டேன்.

சொல்லிக்கொடுப்பவள் கலையரசி. உங்கள் அப்பாவின் நூல் கடையில் மூட்டை இறக்கிய வீரனின் மகள். முதல் நாள் நான் வீட்டிலிருந்து தண்ணீர் எடுத்துப் போனேன். ஏன் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் பாடத்தை ஆரம்பித்தாள். இரண்டாவது வாரம், பாட்டி முறை வைத்து ஆயா என்று கூப்பிடலாமா என்று கேட்டாள். கூடாது, மேடம் என்று கூப்பிடு என்றேன். இப்போது தண்ணீர் எடுத்துப் போவதில்லை.

நல்ல ஆசிரியை. எனக்குப் பிடிக்காத ஒருத்தியைப் பற்றி இதை எழுதுகிறேன் என்றால் நீ புரிந்துகொள்ள வேண்டும். மேகம் என்றால் என்ன என்று அவளைக் கேட்டேன். “அது பேச்சுக்குத்தான் மேடம். எங்கியோ ஒரு ஊர்ல ஒரு பில்டிங் இருக்கும். உள்ள அடுக்கடுக்கா மிஷின் ஓடிகினு இருக்கும். வாசல்ல வாட்ச்மேன் இருப்பான். நமக்கு அட்ரஸ் சொல்ல மாட்டாங்க, அவ்ளோதான்” என்றாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இதைச் சொல்ல உனக்கு நேரமில்லாமல் போயிற்று.

அந்தக் கட்டடத்தில் கரண்ட் ஒரு கணமும் போகாது என்று படித்தேன். இரண்டு பக்கத்திலிருந்து லைன் வரும், அதற்குமேல் பாட்டரி, அதற்குமேல் ஜெனரேட்டர். ஒரே தகவலை வேறு வேறு ஊரில் பிரதி எடுத்து வைப்பார்கள், ஓர் ஊர் மூழ்கினாலும் இன்னோர் ஊரில் இருக்கும். யார் எப்போது உள்ளே வந்தார்கள், எந்தக் கதவைத் தட்டினார்கள் என்பதெல்லாம் பதிவாகும். முதல் பரீட்சையில் ஐம்பதுக்கு நாற்பத்தாறு. மீதி நாலு எங்கே என்று கேட்க வீட்டில் யாரும் இல்லை.

ஏப்ரல் கடைசியில் தாமதம் பற்றிய பாடம் வந்தது. இங்கிருந்து புறப்பட்ட ஒரு செய்தி அமெரிக்கா போய்த் திரும்ப எப்படியும் கால் விநாடி பிடிக்கும், எவ்வளவு உயர்ந்த இயந்திரம் வைத்தாலும் அதைக் குறைக்க முடியாது, கடலின் அகலம் அப்படி என்றாள் கலையரசி. செய்து காட்டினாள். விநாடியை ஆயிரம் பங்காக்கிய கணக்கில், அமெரிக்காவில் ஓர் இயந்திரத்தைத் தட்டினால் எண் இருநூற்று எழுபது, எண்பது என்று வந்தது. சென்னையில் ஒன்றைத் தட்டினால் முப்பது.

நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

நீ அமெரிக்கா போன நாளிலிருந்து நம் போன் பேச்சில் ஒரு தடங்கல் உண்டு. நான் கேட்டு முடித்த பிறகு ஒரு சின்ன மௌனம் வரும். நீ கேட்கவில்லையோ என்று நான் மறுபடி ஆரம்பிப்பேன், அதற்குள் உன் பதில் வந்து என் பேச்சின்மேல் விழும். ஐந்து வருடம் அப்படித்தான் பேசினோம். இந்தப் பிப்ரவரியிலிருந்து அது இல்லை. கேட்டவுடன் பதில் சொல்கிறாய். லைன் இப்போது பக்கத்து வீடு மாதிரி இருக்கிறது என்று நான்தான் உன்னிடம் சந்தோஷமாகச் சொன்னேன். புதுக் கருவி போட்டிருக்கிறார்கள் என்றாய்.

அன்றும் நான் உன்னைச் சந்தேகப்படவில்லை. பாடத்தைத்தான் சந்தேகப்பட்டேன்.

பிறகு மே பன்னிரண்டாம் தேதி, வழக்கம்போல் இந்தச் சென்டர் விலாசத்துக்கு, உன் மின்னஞ்சல். வேலை அதிகம், சரியாகத் தூங்கவில்லை என்றெல்லாம் எழுதிவிட்டு, கடைசி வரியில், “யூ.பி.எஸ். கத்துது, மூடணும், அப்புறம் எழுதறேன்” என்று முடித்திருந்தாய். இந்தச் சென்டரில் தினமும் அதுதான் நடக்கிறது. கரண்ட் போனதும் மேசைக்கடியில் அது கத்த ஆரம்பிக்கும், எல்லாரும் அடித்துப் பிடித்துச் சேமித்துவிட்டு இயந்திரத்தை மூடுவோம். கை தானாகச் செய்யும். உன் கையும் தானாகத்தான் எழுதியிருக்கிறது. இரண்டு லைனும் ஜெனரேட்டரும் உள்ள இடத்தில் வேலை செய்பவன், நியூ ஜெர்சியில் உட்கார்ந்துகொண்டு, யூ.பி.எஸ். கத்துகிறது என்று எழுதமாட்டான் திருமலை.

கலையரசியிடம் அந்த அஞ்சலைக் காட்டினேன். அதற்கு மேலே மறைந்திருக்கும் வரிகளை விரித்துக் காட்டினாள். எந்த வழியாக வந்தது என்று முத்திரை குத்தின மாதிரி இருந்தது. அதில் ஓர் எண்ணை எடுத்துப் பார்த்தாள். சென்னை என்று வந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இது சில நேரம் தப்பாகக் காட்டும் மேடம் என்றாள். சரி, அப்படியானால் நம் சென்டரிலிருந்து ஓர் அஞ்சல் அனுப்பிச் சோதித்துப் பார் என்றேன். அதற்கும் சென்னை என்றே வந்தது. ஆகவே நீ சென்னையில் இருக்கலாம், வேலூரில் இருக்கலாம், இந்தப் பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம்கூட இருக்கலாம். கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கிறாய் என்பது மட்டும் நிச்சயம். ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். அது என் முட்டாள்தனம்.

இன்னும் தெரிந்துகொண்டிருக்க முடியும். உன் அஞ்சல் பெட்டி கடவுச்சொல் மறந்தவர்களிடம் ஒரு கேள்வி கேட்கிறது. அப்பாவின் கடையின் பெயர் என்ன என்று. என் விரல் அந்தப் பெயரில் பாதிவரை அடித்தது. அழித்துவிட்டேன். பிறர் கடிதத்தைப் பிரிக்கக்கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நாளைக்கே அந்தக் கேள்வியை மாற்று. ஆரணியில் பாதிப் பேருக்கு அதன் பதில் தெரியும்.

ஏன் மறைத்தாய் என்று நானே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அதற்குப் பாடம் தேவைப்படவில்லை. நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாய். ஆபீசில் ஆட்களைக் குறைக்கிறார்கள் அம்மா, தினம் பத்துப் பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்றாய். நான் என்ன சொன்னேன்? திறமை இல்லாதவர்களைத்தான் அனுப்புவார்கள், நீ ஏன் பயப்படுகிறாய் என்றேன். அந்தக் கால் விநாடி மௌனம் அன்று மிக நீளமாக இருந்தது. பிறகு, ஆமாம்மா, சரி, வைக்கிறேன் என்றாய். நான் லைனைத்தான் குறை சொன்னேன்.

ஐந்தாம் வகுப்பில் நீ தொண்ணூற்றாறு வாங்கி வந்தபோது மீதி நாலு எங்கே என்று கேட்டவளும் நான்தான். அதற்காக வருந்தவில்லை. கேட்டதால்தான் நீ படித்தாய். ஆனால் தோற்ற ஒருவன் கதவைத் தட்டக்கூடிய வீடாக இதை நான் வைத்திருக்கவில்லை என்று இப்போது தெரிகிறது. உனக்கு நான் அம்மாவாக இருந்தேனா, பரீட்சைக் கண்காணிப்பாளராக இருந்தேனா? பதில் எழுத வேண்டாம்.

அப்பாவின் திதி ஆனி வளர்பிறை துவாதசி. இந்த வருடம் ஜூலை நாலாம் தேதி, சனிக்கிழமை. அன்று லீவு கிடைக்காது என்று எழுதியிருந்தாய். ஜூலை நாலு அமெரிக்காவின் சுதந்திர தினம் என்பது கான்வென்ட்டில் படித்த எனக்குத் தெரியாதா? பொய்யையாவது ஒழுங்காகச் சொல்லியிருக்கலாம். இரண்டு வருடமாக உன் இடத்தில் பூங்காவனத்தின் மகன் உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் இறைக்கிறான். அப்போது நீ தூரத்தில் இருந்தாய், பொறுத்துக்கொண்டேன். இந்த வருடம் மூன்று மணி நேரப் பஸ் தூரத்துக்குள் இருந்துகொண்டு வராவிட்டால் பொறுக்கமாட்டேன்.

நேற்று வரை இப்படி எழுதுவதாக இருந்தேன்: வேலூர் வழியாக வா, கண்ணமங்கலம் தாண்டி, ஆரணிக்கு முன்னால் சேவூரிலேயே இறங்கிவிடு, விடியற்காலையில் பின்தெரு வழியாக நடந்து வந்தால் யார் கண்ணிலும் பட மாட்டாய், திதி முடிந்ததும் அதே வழியில் போய்விடலாம். இதைத்தான் மனத்தில் வரி வரியாக வைத்திருந்தேன். உன் மானத்துக்காக என்று நினைத்துக்கொண்டேன். என் மானத்துக்காக.

இன்று காலை பூங்காவனம் வந்தாள். பேத்திக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு லேப்டாப் வாங்கி வரச் சொல்லுங்கள் அண்ணி என்றாள். என் வாயில் வழக்கமான பதில் தயாராக இருந்தது. அதை விழுங்கிவிட்டு, அவன் அமெரிக்காவில் இல்லை, வேலை போய்விட்டது, பிப்ரவரியிலேயே திரும்பி வந்துவிட்டான், எனக்குச் சொல்லப் பயந்துகொண்டு எங்கேயோ இருக்கிறான் என்றேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். இத்தனை வருடம் உன்னைச் சொல்லிச் சொல்லி அவள் பிள்ளையை நான் மட்டம் தட்டியதற்குச் சிரித்திருக்கலாம், நியாயம்தான். அவளோ மாரில் கை வைத்துக்கொண்டு, “இன்னா அண்ணி சொல்றீங்க? புள்ள தனியா எங்க துன்னுகினு எங்க படுத்துகினு கீதோ!” என்றாள்.

நான் லைனைப் பார்த்தேன், எண்ணைப் பார்த்தேன், முத்திரையைப் பார்த்தேன். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

பூங்காவனத்திடம் சொன்னது இதற்குள் தெரு முழுவதும் போயிருக்கும். அதற்காகத்தான் அவளிடம் சொன்னேன். இனி இந்த ஊரில் நீ ஒளிக்க வேண்டியது எதுவும் இல்லை. சேவூரில் இறங்காதே. பஸ் ஸ்டாண்டிலேயே இறங்கு. கடைத்தெரு வழியாகப் பகலில் நடந்து வா. யாராவது கேட்டால் பதில் சொல், பிடிக்காவிட்டால் சொல்லாமல் போ. நான் வாசலில் நிற்பேன்.

உன்னை மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. நாலு மாதம் நாலு மாதம்தான். உன்னை நேரில் வைத்துக்கொண்டு கேட்க எனக்கு நிறைய இருக்கிறது. அதில் மதிப்பெண் ஒன்றும் இல்லை.

வேளைக்குச் சாப்பிடு. எங்கே சாப்பிடுகிறாய் என்றாவது எழுது. அப்பா உனக்குத் துணையிருப்பார்.

இங்கே யூ.பி.எஸ். கத்துகிறது. மூட வேண்டும்.

இப்படிக்கு
உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா
ஜெயம் சிவப்பிரகாசம்