நிஜமா என்று கேட்டேன்

கடவுள் துணை

என் வீட்டுக்காரர் அவர்களுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதுவதுதான் மரியாதை. நான் நலம். உங்கள் நலத்தைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதை நம்புவதா வேண்டாமா என்பதற்குத்தான் இந்தக் கடிதமே.

தங்கை வீட்டுக்காரர் உங்கள் சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். கொல்லைப் படியில் வழுக்கிவிட்டது, கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன், நீ வந்து பார்த்தால்தான் ஆச்சு என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் காலைப் பார்த்தீர்களா என்று அவரைக் கேட்டேன். "அண்ணன் போர்வைய இழுத்து மூடிக்கிட்டு உக்காந்திருந்தாருக்கா, காட்டவே இல்ல" என்றார். வீங்கிய காலுக்குப் போர்வை போர்த்தும் வைத்தியத்தை எங்கே படித்தீர்கள்? எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அப்படிச் சொல்லவில்லை.

போனை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். போனில் வாயைத் திறக்க வேண்டும். என் வாய் அடகில் இருக்கிறது. அது எப்படி அடகுக்குப் போனது என்று உங்களுக்குத் தெரியாது. பேச்சை நிறுத்திவிட்டுத் தங்கை வீட்டுக்கு வந்துவிட்டாள், திமிர் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நினையுங்கள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் உங்களுக்கு மலையேறும் கிறுக்கு பிடித்தது. போகிற இடத்தில் போன் எடுக்காது, ஆள் நடமாட்டம் கிடையாது, அங்கே ஒருத்தர் விழுந்தால் யார் தூக்குவது என்று கேட்டேன். "பயமா இருந்தா நீயே கத்துக்கோயேன் டாக்டரம்மா" என்றீர்கள். கற்றுக்கொண்டேன். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். மீதியெல்லாம் மளிகை சுற்றி வந்த காகிதத்தில் படித்ததுதான். அப்படிப்பட்டவள் என் பிள்ளை வயதுப் பிள்ளைகளோடு முதலுதவி முகாமில் தரையில் உட்கார்ந்து கற்றேன். விழுந்தவனிடம் ஓடுவதற்கு முன் அந்த இடம் நம்மையும் விழவைக்குமா என்று பார். மூச்சு வருகிறதா பார். கழுத்தை அசைக்காதே. அடியில் ஏதாவது விரி, குளிர்ந்த தரை உடம்புச் சூட்டைக் குடித்துவிடும். உதவி கேட்டுப் போகிறவனிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடு, பதற்றத்தில் மறந்துவிடுவான். சமையல் செய்யும்போதும் முணுமுணுத்தேன். சாமி படத்துக்கு முன்னால் சுலோகத்துக்கு நடுவே கழுத்தெலும்பு வந்து நின்றது. நீங்கள் சிரித்தீர்கள்.

கடைசி நாள் என்னைக் கூட்டிப்போக வந்தவர் சும்மா இருந்தீர்களா? ஒத்திகைக்கு நோயாளி வேண்டும் என்றதும் முதல் ஆளாகப் போய்ப் படுத்தீர்கள். நெற்றியில் சிவப்பு மையைப் பூசிக்கொண்டு நீங்கள் போட்ட கூச்சலுக்குப் பிள்ளைகள் எல்லாம் கை தட்டினார்கள். நீங்கள் படுக்கும் முன் அந்தப் பயிற்சியாளர் பெண் உங்கள் முகத்தைப் பார்த்து ஒரு விதி சொன்னாள். நினைவிருக்கிறதா? எவ்வளவு வேண்டுமானாலும் நடிக்கலாம், ஆனால் யாராவது குனிந்து நிஜமா என்று கேட்டால் நடிப்பை நிறுத்தி உண்மையைச் சொல்லிவிட வேண்டும். "இல்லன்னா ஒரு நாள் நிஜமாவே ஒருத்தர் சாகக் கிடப்பாரு சார், நாங்க சுத்தி நின்னு கை தட்டிக்கிட்டிருப்போம்" என்றாள். நீங்கள் தலையாட்டினீர்கள். நன்றாகவே ஆட்டினீர்கள்.

இனி அந்த மலைச்சரிவுக்கு வருகிறேன். நாம் மூன்று பேர். நீங்கள், நான், உங்களை அண்ணன் அண்ணன் என்று சுற்றி வரும் தையல்காரர். நாங்கள் பின்னால் வந்துகொண்டிருந்தோம். வளைவு திரும்பினால் பாறை ஓரத்தில் கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகக் கிடந்தீர்கள். மூச்சு இருந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை. தலையை அசையாமல் என் முழங்கால்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டேன். தையல்காரர் தன் சட்டையைக் கழற்றி உங்களுக்கு அடியில் செருகினார். சொல்ல வேண்டியதை எழுதிக் கொடுத்து, கீழே போன் எடுக்கும் இடம் வரை போங்கள், ஓடாதீர்கள், நடந்தே போங்கள் என்றேன். "அண்ணன் இப்படிக் கெடக்கும்போது நடக்கச் சொல்றீங்களே அண்ணி" என்று சொல்லிக்கொண்டே வெறும் பனியனோடு ஓடினார்.

அவர் போன பிறகு உங்கள் காதில் குனிந்து கேட்டேன், நிஜமா என்று. இன்னொரு தரம் கேட்டேன். மூன்றாவது தரம் கேட்டபோது என் கண்ணீர் உங்கள் கன்னத்தில் விழுந்தது. அது கூடவா உறைக்கவில்லை?

அப்போதுதான் கடவுளிடம் பேசினேன். இந்த மனுஷர் கண்ணைத் திறந்தால் போதும், இனி என் வாயால் இவரை ஒரு கடுஞ்சொல் சொல்லமாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். வேண்டி முடிக்கவில்லை, கண்ணைத் திறந்தீர்கள். பல்லையும் காட்டினீர்கள். "கத்துக்கிட்டது மறந்துபோச்சான்னு பாத்தேன், பரவால்ல, பாஸாயிட்ட" என்றீர்கள்.

ஏமாற்றி வாங்கிய வேண்டுதல்தானே, செல்லாது என்று தங்கை சொல்கிறாள். அப்படிக் கணக்கு எழுதி எனக்குப் பழக்கமில்லை. கண்ணைத் திற என்று கேட்டேன், கண் திறந்தது. கொடுத்தவர் மேல் குற்றமில்லை. இப்போது வாயைத் திறந்தால் கடுஞ்சொல்தான் வரும், ஆகவே என் வாய் மூடியே இருக்கும். ஆனால் கையால் எழுதமாட்டேன் என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை. ஆகையால் எழுதுகிறேன். நீங்கள் ஒரு கோமாளி. அடுத்தவர் பயத்தில் குளிர்காய்கிற ஆள். அறுபது வயதாகியும் அறிவு இன்னும் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்கிறது. பூனைக்கு விளையாட்டு, எலிக்கு உயிர் போகிறது.

எலி யார் என்று உங்களுக்கே தெரியும். நாம் இறங்கிவந்தபோது ஓடைப் பாறையில் அவர் சுருண்டு உட்கார்ந்திருந்தார். வலது மணிக்கட்டு கரண்டிக் காம்பு மாதிரி வளைந்து கிடந்தது. துணி வெட்டுகிற கை. குடையை வைத்து, அவர் பையிலிருந்த அளவு நாடாவாலேயே கட்டினேன். நகத்தை அழுத்தி ரத்தம் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். குளிரில் பல் தந்தியடிக்க அவர் கேட்ட முதல் கேள்வி, "அண்ணன் எழுந்துட்டாரா அண்ணி?" நீங்கள் என் முதுகுக்குப் பின்னாலிருந்து, "லேசா தலைசுத்தல்டா, இப்ப சரியாயிடுச்சு" என்றீர்கள். அவர் சட்டை உங்கள் தோளில் கிடந்தது.

இங்கே வருவதற்கு முன் அவர் வீட்டுக்குப் போனேன். கடை பாதி மூடியிருந்தது. அவர் மனைவி, முன்பே தைத்து முடித்திருந்த துணிகளுக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். வெட்டிய துணி ஒன்றுகூட மேசையில் இல்லை. இனி கத்தரி பிடிக்க வருமா என்பதைக் கட்டுப் பிரித்த பிறகுதான் சொல்ல முடியும் என்றார்களாம். அந்த மனிதர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். "நான் பாத்துப் போயிருந்தா உதவி கொண்டு வந்திருப்பேன் அண்ணி. அண்ணனுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்" என்றார். நீங்கள் நடித்ததை நான் உடைக்கவில்லை. அது நான் சொல்ல வேண்டியது அல்ல, நீங்கள் சொல்ல வேண்டியது.

ஆகையால் இப்போது உங்கள் காலுக்கு வருகிறேன். கணுக்கால் எலும்பின் பின்பக்கம் விரலால் அழுத்திப் பாருங்கள். எலும்பே வலித்தால், அல்லது நாலு அடி எடுத்து வைக்க முடியாவிட்டால், எனக்காகக் காத்திருக்காமல் போய் எக்ஸ்ரே படம் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தலையணை மேல் காலை உயர்த்தி வைத்து ஈரத்துணி போடுங்கள். எண்ணெய் தேய்த்து உருவ யாரையும் விடாதீர்கள். போர்வையை மடித்து வையுங்கள்.

பிறகு தையல்காரர் வீட்டுக்குப் போங்கள். கால் நிஜமானால் ஆட்டோவில் போங்கள். பொய்யானால் நடந்து போங்கள். போய், அன்றைக்கு மயக்கமில்லை, நடிப்பு என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அவர் காறித் துப்பினால் துடைத்துக்கொள்ளுங்கள். அவர் துப்பமாட்டார், அதுதான் உங்களுக்குத் தண்டனை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். கட்டுத்துணியும் எடுத்துவருகிறேன், நம்பியதால் அல்ல, பழக்கத்தால். உள்ளே வந்ததும் நிஜமா என்று ஒரே ஒரு வார்த்தை கேட்பேன். அது கடுஞ்சொல் ஆகாது. காலைப் பற்றிக் கேட்கிறேனா, தையல்காரரிடம் சொன்னதைப் பற்றிக் கேட்கிறேனா என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். இரண்டுக்கும் பதில் சொல்லுங்கள். என்ன பதிலானாலும் சரி. உங்கள் தலை என் முழங்கால்களுக்கு நடுவே கனத்துக் கிடந்தபோது கேட்டு, பதில் வராமல் போன கேள்வி அது. இன்னொரு தரம் அப்படி என்னைக் காத்திருக்க வைக்காதீர்கள்.

கடவுள் உங்கள் எலும்பையும், அந்த மனிதரின் கையையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
வாய் கட்டிய உங்கள் மனைவி