செல்லாமல் போன சட்டம்

மன்னார்குடி
2-4-2006

அன்பு மகன் அஸாருக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே உடம்பளவில் எல்லோரும் சுகம், நீ வேலைக்குப் போயிருக்கும் தம்மாமில் உன்னையும் அல்லாஹ் சுகமாக வைத்திருக்க துஆ செய்கிறேன். போன் கூடத்தில் இருக்கிறது, பேசினால் உன் தங்கச்சி ஜஸீலா காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன்.

டாக்டர் படிப்புக்கு நுழைவுத் தேர்வு வேண்டாம், பிளஸ் டூ மார்க்கே போதும் என்று ஜனவரியில் சட்டம் வந்ததும் உன் அத்தா அவளைக் கும்பகோணம் கோச்சிங் கிளாஸிலிருந்து நிறுத்திவிட்டது உனக்குத் தெரியும். பொதுப்பரீட்சை நெருங்கும்போது அந்தச் சட்டமே செல்லாது என்று ஹைகோர்ட் சொல்லிவிட்டது. நியூஸைக் கேட்ட பிள்ளை, சட்டசபையில் போட்ட சட்டத்தை ஜட்ஜ் எப்படிம்மா தள்ளலாம் என்று கேட்டாள், நான் என்னத்தைக் கண்டேன், எதிர்வீட்டு வக்கீல் ஹரிஹரசுப்ரமணியன் சாரிடம் கூட்டிப்போனேன். எந்தச் சட்டமும் அரசியல் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதுதான், இது அதோடு ஒத்துவரவில்லை என்று யாராவது வழக்குப் போட்டால் கோர்ட் பார்த்தே ஆகணும், வேறு பாடத்திட்ட போர்டில் படித்த பிள்ளைகளும் தங்களுக்கு நஷ்டம் என்று நியாயம் கேட்டுத்தானே போனார்கள் என்றார். அப்போ சட்டத்தை நம்பிப் படிப்பை விட்டவளுக்கு யாருங்க நியாயம் சொல்றது என்று இவள் கேட்டாள். இன்றைக்கே படிக்க ஆரம்பியம்மா என்றார்.

அத்தாவோ, மேல்கோர்ட்டில் தீர்ப்பு மாறும், பேசாமல் இரு என்கிறார். நிறுத்தியது தான்தான் என்பது அவர் மனதை அரிக்கிறது, வாய்விட்டுச் சொல்ல மாட்டார். பரீட்சை முடிந்த மறுநாளே அவரிடம் சொல்லாமல் இவளைக் கும்பகோணம் பஸ்ஸில் கூட்டிப்போனேன். பெஞ்சு எல்லாம் நிறைந்துவிட்டது, இடமில்லை என்றார் மாஸ்டர். நான் கெஞ்ச வாயெடுப்பதற்குள் இவள் உள்ளே போய்ச் சுவரோரம் தரையில் உட்கார்ந்து நோட்டை விரித்துவிட்டாள். அவரும் பாடத்தைத் தொடர்ந்தார். முதல் டெஸ்டில் நூற்றுக்கு முப்பத்தொன்று. பேப்பரைக் காட்டினாள், அழவில்லை, எனக்கு அதுதான் பயம். விஷயம் தெரிந்து அத்தா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நேற்று காலையில் அவரே முன்கூட்டியே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் இவளுக்கு ஜன்னலோர சீட் பிடித்து வைத்திருந்தார்.

தேர்வு நடக்குமா, மறுபடி எல்லாம் மாறுமா என்று யாருக்கும் தெரியவில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் நிற்காதே. அல்லாஹ் உங்கள் இருவர் உழைப்பையும் வீணாக்க மாட்டான். வெள்ளிக்கிழமை போன் பண்ணும்போது எப்போதும்போல அவளை டாக்டரம்மா என்று கூப்பிடாதே ராஜா. பேரைச் சொல்லியே கூப்பிடு.

உன் அம்மா
மெஹராஜ் பேகம்