நீடாமங்கலத்திலிருந்து ஒரு படகு

ஜனவரி 9, 1972. ஞாயிறு

இன்று மத்தியானம் ரசம் கொதிக்கும்போது அடுப்பங்கரைச் சுவரிலிருந்து காரை பெயர்ந்து சட்டியில் விழுந்தது. கொல்லையில் அவர் எஞ்சினைக் கிளப்பியிருக்கிறார். வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற டீசல் எஞ்சின். அதை முத்துப்பேட்டை அப்துல் ஜலீல் பாயிடம் வாங்கிய பழைய மரப்படகில் வைத்து போல்ட் போட்டு முறுக்கியிருக்கிறார். படகு நிற்பது மாட்டுக் கொட்டகையில். படகு நகரவில்லை. கொட்டகை நகர்ந்தது.

காரையை எடுத்துப் போட்டுவிட்டு ரசத்தை ஊற்றினேன். பிசைந்து சாப்பிட்டார்.

“எதுக்குங்க இதெல்லாம்?” என்றேன்.

“சும்மாதான். கோரையாத்துல விட்டு முத்துப்பேட்டை வரைக்கும் போய்ப் பார்க்கலாம்னு.”

“அதுக்கப்புறம்?”

“கடலோரமா கோடியக்கரை.”

“அதுக்கும் அப்புறம்?”

இலையைப் பார்த்துக்கொண்டே, “வேதாரண்யம் கால்வாய்” என்றார். பிறகு, “நீயும் வேணா வா, சௌந்தரம்.”

வேதாரண்யம் கால்வாய்க் கரையில் யார் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். இரண்டு பேரும் மோர் சாதம் சாப்பிட்டு எழுந்துவிட்டோம்.

ஜனவரி 11

படகுக்குப் பெயர் வைக்க வேண்டுமாம். ‘திராவிடச் செல்வி’ என்றார். நான் ‘ஜெயா’ என்றேன். பெயரே வேண்டாம் என்றுவிட்டார்.

ஜனவரி 13

போகிக்காக வீட்டை ஒழித்து வெள்ளையடித்தோம். மேலே இருந்த டிரங்குப் பெட்டியில் எங்கள் மகள் ஜெயாவின் பள்ளிக்கூடப் பாவாடை இருந்தது. திரும்ப அங்கேயே வைத்துவிட்டேன். மனசு சரியில்லை.

இந்த மனிதர் கட்சியின் கிளைச் செயலாளர். பம்ப்செட் பட்டறையில் ஸ்பேனர் பிடித்த நேரம் போக மீதி நேரமெல்லாம் சீர்திருத்தக் கல்யாணங்களுக்குத் தலைமை தாங்கியவர். ஐயர் இல்லை, தாலி இல்லை, சாதி இல்லை என்று மைக்கில் முழங்குவார். மைக் இல்லாத ஊரிலும் முழங்குவார். அவர் பேச்சைக் கேட்டுத்தான் ஜெயா வளர்ந்தாள். விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் வேலை பார்க்கிற இளையபெருமாளைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்து நின்றாள். இளையபெருமாளின் தெரு வேறு, எங்கள் தெரு வேறு. அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் இவர் அப்படிச் சொல்லவில்லை. “சாதியெல்லாம் எனக்குக் கெடையாது. அந்தாளு செங்கொடி. கட்சி ஒத்துவராது” என்றார். கல்யாணத்தன்று காய்ச்சல் என்று படுத்துக்கொண்டார். நான் தொட்டுப் பார்த்தேன். என் கைதான் சூடாக இருந்தது.

அதற்குப் பிறகு அவளைப் பற்றிப் பேச்சே இல்லை. நான் மட்டும் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு வேதாரண்யம் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். இப்போது அவளுக்கு ஏழாம் மாசம். இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

ஜனவரி 18, செவ்வாய்

கிளம்பிவிட்டோம். மாட்டு வண்டியில் படகு, பின்னாலேயே பாதி ஊர். கடைவீதியில் எல்லோரும் எங்கே எங்கே என்று கேட்டார்கள். எல்லோருக்கும் “சும்மா” என்றே சொல்லிக்கொண்டு வந்தார். யாரும் நம்பவில்லை. தேர்தல் வரப்போகிறதா என்று ஒருவர் கேட்டார்.

படகில் ஸ்டவ், அரிசி டின், முறுக்கு, போர்வை, அவருடைய டூல்ஸ் பெட்டி. முன்பக்கம் ஒரு மூங்கிலில் கட்சிக் கொடி. அரிசிக்குள் நான் ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறேன்.

கரை விட்டு நகர்ந்ததும் எஞ்சின் போட்ட சத்தத்தில் நாரைகள் எல்லாம் எழுந்தன. அவர் ஏதோ சொன்னார். கேட்கவில்லை. நான் ஏதோ சொன்னேன். அவருக்கும் கேட்கவில்லை. நாள் பூராவும் இப்படியே சிரித்துக்கொண்டு வந்தோம். கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு நேரம் சண்டையில்லாமல் நாங்கள் உட்கார்ந்ததில்லை.

ஜனவரி 19

ஆற்றில் குறுக்கே ஒரு ரெகுலேட்டர். மதகை அடைத்திருந்தார்கள். படகைத் தூக்கிக் கரைமேல் கொண்டுபோய் அந்தப் பக்கம் இறக்கவேண்டும்.

இரண்டு கரையிலும் சம்பா விளைந்து சாய்ந்து நிற்கிறது. அறுக்க ஆள் இறங்கவில்லை. கூலித் தகராறு. வரப்பு நெடுக சிவப்புக் கொடி, ரோட்டில் போலீஸ் வேன். இதற்கு நடுவில் நாங்கள் பட் பட் என்று போய் நின்றோம்.

மிராசுதாரின் ஆட்கள் வந்து பார்த்தார்கள். சங்கத்துக்குத் தகவல் கொண்டுபோகிற படகு என்று முடிவு கட்டிவிட்டார்கள். “நான் ஆளுங்கட்சிங்க” என்று கொடியைக் காட்டினார். “அப்போ இன்னும் மோசம்” என்று சொல்லிவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். நிலத்துக்கு உச்சவரம்புச் சட்டம் வந்ததிலிருந்து அவர்களுக்கு இந்தக் கொடியைக் கண்டாலே ஆகவில்லை.

அடுத்து சங்கத்து ஆட்கள் வந்தார்கள். வெளியூரிலிருந்து அறுப்புக்கு ஆள் ஏற்றிவருகிறோமாம். படகில் இரண்டு பேர்தானே இருக்கிறோம் என்றார் இவர். “முதல்ல ரெண்டு பேர்தான் வருவாங்க” என்றாள் அவர்களில் முன்னால் நின்ற அம்சம் என்ற பெண். அரிவாளை இடுப்பில் செருகியிருந்தாள்.

இவர் சமத்துவத்தைப் பற்றி ஒரு பேச்சைத் தொடங்கினார். வெயில் ஏறியது. பேச்சு முடிகிற மாதிரித் தெரியவில்லை. நான் இறங்கிப் போய் அம்சத்திடம் மெதுவாக, “நான் இளையபெருமாளோட மாமியா” என்றேன்.

“எந்த இளையபெருமாளு? வேதாரண்யம் பக்கத்துச் சங்கத்துத் தோழரா?”

“அவருதான்.”

அவ்வளவுதான். இவர் பேச்சை முடிப்பதற்குள், இவரோடு சேர்த்தே படகைத் தூக்கிவிட்டார்கள். தோளில் போகிற படகின் நடுவில், எஞ்சினைப் பிடித்துக்கொண்டு, சாமி மாதிரி உட்கார்ந்திருந்தார். தண்ணீரில் இறக்கியதும் என்னிடம், “பேச்சு நல்லா எடுபட்டுச்சுல்ல?” என்றார்.

“ஆமாங்க” என்றேன்.

ஜனவரி 20

ரெகுலேட்டருக்கு ரெகுலேட்டர் இதே கதை. இவர் பேசுகிறார், நான் மாப்பிள்ளை பெயரைச் சொல்கிறேன், படகு போகிறது.

ஜனவரி 21

முத்துப்பேட்டையில் ஜலீல் பாய் வந்து பார்த்தார். தான் விற்ற படகை அடையாளம் தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தார். “கரையை விட்டுப் போகாதீங்க. தண்ணி வத்துற நேரத்துல காயலுக்குள்ள நிக்காதீங்க” என்று சொல்லி அனுப்பினார். அவர் மனைவி ஆசியா எனக்கு ஒரு தூக்கு நிறைய நண்டுக் குழம்பு கொடுத்தாள்.

தண்ணீர் வற்றுகிற நேரத்தில் காயலுக்கு நடுவில் நின்றுவிட்டோம். சுற்றிலும் அலையாத்திக் காடு, கீழே முழங்கால் சேறு. இறங்கித் தள்ளுகிறேன் என்று போனவருடைய செருப்பு இரண்டும் உள்ளே போய்விட்டது. பிறகு அவரும் போகிற மாதிரி இருந்தது. என் சேலைத் தலைப்பைப் போட்டு இழுத்தேன்.

தண்ணீர் திரும்ப ஏறுகிறவரை சும்மா உட்கார்ந்திருந்தோம். எஞ்சின் சத்தம் இல்லாததால் பேச வேண்டியதாகிவிட்டது.

“அவ எப்படி இருப்பா இப்போ?” என்றார்.

“யாரு?”

“சரி, விடு” என்றார்.

நான் ஏன் அப்படிக் கேட்டேன்? சொல்லியிருக்கலாம் அல்லவா. இரண்டு வருஷத்துக் கோபம், வாய் முந்திக்கொண்டது. நண்டுக் குழம்பில் அவருக்குப் பெரிய காலாகப் பார்த்து வைத்தேன்.

ஜனவரி 22, சனி

இன்று நடந்ததை எழுதாமல் தூங்கமுடியாது.

கோடியக்கரையில் கரை ஒதுங்கியதும் போலீஸ் சுற்றிக்கொண்டது. பாகிஸ்தான் சண்டை முடிந்து ஒரு மாசம்தான் ஆகிறது. கடலோரத்தில் இப்போது எல்லோர்மேலும் சந்தேகம்.

“எங்கேருந்து வர்றீங்க?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“நீடாமங்கலங்க.”

“நீடாமங்கலத்துல ஏதுய்யா கடல்?”

“ஆத்து வழியா வந்தோம்.”

“எதுக்கு?”

“சும்மா.”

“இந்த வயசுல பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு எவனாவது சும்மா கடலுக்கு வருவானா?”

நியாயமான கேள்வி என்றுதான் எனக்கும் பட்டது.

எல்லாவற்றையும் மணலில் இறக்கிச் சோதனை போட்டார்கள். அரிசி டின்னைக் கவிழ்த்தபோது நான் ஒளித்து வைத்தது வெளியே வந்தது. பேப்பரில் சுற்றிய கண்ணாடி வளையல். சிவப்பும் பச்சையும். அவர் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

அப்போது ஒரு கான்ஸ்டபிள் டூல்ஸ் பெட்டியைத் திறந்து ஸ்பேனர்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். அடியில் கிரீஸ் துணி மூட்டை. பிரித்தார். வளையல். நீலமும் மஞ்சளும்.

இப்போது அவர் கடலைப் பார்த்தார்.

“வளையல் கடத்துறீங்களா?” என்றார் இன்ஸ்பெக்டர். “யாருக்கு?”

அவர் கடலிலிருந்து திரும்பினார். பிறகு, “எம் பொண்ணுக்குங்க. ஏழு மாசம். வளைகாப்பு போடப் போறோம்” என்றார்.

“அவ புருஷன் பேரு?”

“இளையபெருமாள்.”

“சங்கத்துக்காரனா? அந்த ஆளாலதான் ஒரு வாரமா எனக்குத் தூக்கமில்ல. நீங்க ஆளுங்கட்சிக் கொடில்ல கட்டியிருக்கீங்க?”

“அதுவுந்தான். அவரு எம் மாப்பிள்ளை. அதுவுந்தான்.”

என் காதால் கேட்டேன். அந்தாளு இல்லை. அவரு. மாப்பிள்ளை.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். வளையலையெல்லாம் உடையாமல் திருப்பிக் கட்டிக்கொடுக்கச் சொன்னார்.

கிளம்பிய பிறகு கேட்டேன், “ஏழு மாசம்னு உங்களுக்கு யாரு சொன்னா?”

“ஊரு பூரா தெரியும். நீ மட்டுந்தான் எங்கிட்ட சொல்லல” என்றார். கோபமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நானும் அழுதேன், ஆனால் எஞ்சின் ஓடியதால் யாருக்கும் தெரியாது.

ஜனவரி 24, திங்கள்

வந்து சேர்ந்தோம்.

கால்வாயில் நுழைந்ததிலிருந்து அவர் வாய்க்குள்ளேயே ஏதோ முனகிக்கொண்டு வந்தார். பேச்சுத் தயாரிக்கிறார் என்று தெரிந்தது. சத்தம் கேட்டு ஊரே கரைக்கு வந்துவிட்டது. முன்னால் ஜெயா, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு. சிரிக்கவும் இல்லை, வாங்க என்று சொல்லவும் இல்லை.

எஞ்சினை நிறுத்தப் பார்த்தார். நிற்கவில்லை. இவர் எழுந்து நின்று பேச ஆரம்பித்தார். ஜெயா காதில் கைவைத்து, கேட்கவில்லை என்று சைகை காட்டினாள். இன்னும் உரக்கச் சொன்னார். அப்போதும் கேட்கவில்லை. கழுத்து நரம்பு புடைக்க, “எனக்குக் காய்ச்சலே இல்லம்மா, நான் பொய் சொன்னேன்” என்று கத்தினார். அந்த நேரம் பார்த்து எஞ்சின் நின்றது.

கால்வாயின் இரண்டு கரைக்கும் கேட்டது.

ஜெயா குனிந்துகொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு அழுதாள்.

“தெரியும்ப்பா. எறங்கி வாங்க, சேறு வழுக்கும்” என்றாள்.

ஜனவரி 25

இளையபெருமாள் தாலுகா ஆபீஸில் கூலிப் பேச்சுவார்த்தை முடித்து வந்தார். கேட்டதில் பாதிக்கு மேல் கிடைத்துவிட்டதாம். நாளை அறுப்பில் இறங்குகிறார்கள். “வாங்க மாமா” என்றார். இவர் “ம்” என்றார். கொஞ்சநேரம் இருவரும் எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உச்சவரம்புச் சட்டத்தில் ஓட்டை இருக்கிறது என்று இளையபெருமாள் ஆரம்பித்தார். எங்கே இருக்கிறது, காட்டு என்றார் இவர். நாங்கள் வளையல் போட்டு முடித்து, ஐந்து வகைச் சோறும் பரிமாறிய பிறகும் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஜனவரி 29

மேட்டூரை அடைத்துவிட்டார்கள். ஆற்றில் தண்ணீர் இருக்காது. இத்தனை வருஷம் பம்ப்செட் பார்த்த மனிதருக்கு இது நினைவில்லை. படகை அங்கேயே கட்டிவிட்டு பஸ்ஸில் வந்தோம். பஸ்ஸில் இவருக்கு வாந்தி.

மார்ச் 19, ஞாயிறு

பிரசவத்துக்கு வந்திருக்கிற ஜெயாவைப் பார்க்க இன்று இளையபெருமாள் வந்திருந்தார். எங்கள் தெருவுக்குள் அவர் வருவது இதுதான் முதல் தடவை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எதிர்வீட்டில், பக்கத்து வீட்டில் ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள்.

கூடத்தில் இரண்டு இலை போட்டேன். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சாம்பார் ஊற்றும்போது காமராஜர் ஆட்சியில் தொடங்கிய பேச்சு ரசம் ஊற்றும்போது இந்த ஆட்சிக்கு வந்திருந்தது. தெருவில் போனவர்கள் நடையைக் குறைத்துக்கொண்டு உள்ளே பார்த்தார்கள். ஒருவர் நின்றே விட்டார்.

சாப்பிடும் நேரத்தில் எங்கள் தெருவில் யாரும் வாசல் கதவைத் திறந்து வைப்பதில்லை. இன்று ஒரு கதவு சாத்தியும் ஒரு கதவு திறந்தும் இருந்தது. “சாத்திடவாங்க?” என்று மெதுவாகக் கேட்டேன்.

இவர் பேச்சை நிறுத்தினார். எச்சில் கையோடு எழுந்து போய், இடது கையால் தாழ்ப்பாளை நீக்கி, சாத்தியிருந்த கதவையும் திறந்து விட்டார். திரும்ப வந்து உட்கார்ந்து, “மாப்பிள்ளைக்கு மோர் ஊத்து” என்றார்.