பக்கத்துலயே ஒரு வேலை

மார்ச் 3
பயிற்சி மையத்தில் சேர்ந்துவிட்டேன். படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் படிப்பு. மூன்று மாதம். செலவு முழுக்க அரசாங்கத்தோடது, முடித்தால் வேலைக்கும் அவர்களே ஏற்பாடு செய்வார்களாம். வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "அம்மாவ யாரு பாத்துக்குவா?" என்றார். பெற்ற பிள்ளை கேட்கிற கேள்வியா இது? பக்கத்து வீட்டு அக்காவிடம் கெஞ்சிக் கூத்தாடி, அத்தைக்கு மதியச் சாப்பாடு கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 20
இன்று ஆளைப் புரட்டிப் படுக்க வைக்கும் பாடம். பயிற்சி நர்ஸ், "எங்க கத்துக்கிட்டீங்க?" என்றார். ஆறு வருஷமாக மாமியாரைப் புரட்டுகிறேன் என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன்.

ஏப்ரல் 22
"மகாராணி படிக்கப் போயிட்டா" — அத்தை நாத்தனாரிடம் போனில். அடுப்படி வரை கேட்டது. கேட்கட்டும் என்றுதானே பேசுவது.

மே 12
ஆஸ்பத்திரி வார்டில் ஒரு இடம் காலியாம். "உங்க பேரத்தான் சொல்லியிருக்கேன்" என்றார் நர்ஸ். பஸ்ஸில் கால் தரையில் படவில்லை எனக்கு. தினமும் இந்த வீட்டை விட்டு வெளியே! சொந்தச் சம்பளம்! அவரிடம் சொன்னேன். "பாக்கலாம்" என்றார். கத்தவே இல்லை. அதிசயம்தான்.

ஜூன் 3
வேலை கிடைத்துவிட்டது. என் வீட்டிலேயே.

விளையாட்டில்லை. வேலைவாய்ப்பு அலுவலர் சிரித்த முகமாகச் சொல்கிறார்: "உங்க வீட்டுக்காரரே வந்து கேட்டாரும்மா. படுக்கையா இருக்கறவங்க வீட்டுக்கு ஆள் அனுப்பற திட்டம், சொந்தக்காரங்களும் செய்யலாம். எட்டுலேர்ந்து நாலு வரைக்கும். பக்கத்துலயே வேல, அலைச்சலே இல்ல பாருங்க." வார்டு இடம் வேறொருத்திக்குப் போய்விட்டது. இதை வேண்டாம் என்றால் ஒரு வருஷத்துக்கு வேறு வேலை தர மாட்டார்களாம்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "சும்மா செஞ்சத இனிமே சம்பளத்துக்கு செய்யப்போற. கசக்குதா?" என்றார்.

கசக்குதுய்யா. வாயெல்லாம் கசக்குது. வெளிய போகணும்னுதானே படிச்சேன்! எனக்குத் தெரியாம போய்ப் பேசிட்டு வர எப்படிய்யா மனசு வந்துது?

ஜூன் 5
சமைத்தேன். பேசவில்லை.

ஜூன் 9
முதல் நாள். எட்டு மணிக்கு ஆரம்பித்தேன். குளிப்பாட்டி, துணி மாற்றி, ஊட்டி, புரட்டி — ஒரு குறை வைக்கவில்லை. நாலு மணிக்குக் கையைக் கழுவிவிட்டு முன்னறையில் வந்து உட்கார்ந்தேன்.

அவர் வேலையிலிருந்து வந்த கொஞ்ச நேரத்தில் அத்தை கூப்பிட்டார். அவர் என்னைப் பார்த்தார்.

"என் வேல நாலு மணியோட முடிஞ்சுது" என்றேன்.

"விளையாடாத. அம்மாவப் புரட்டணும். எனக்கு அதெல்லாம் தெரியாது."

"மூணு மாசம் வகுப்பு இருக்கு. காசு அரசாங்கமே குடுக்குது. போய்ச் சேருங்க."

உள்ளே அத்தை அழ ஆரம்பித்தார். ஆனாலும் நான் எழவில்லை. கடைசியில் அவர்தான் போனார். சற்றுப் பொறுத்து உள்ளேயிருந்து குரல்:

"எந்தப் பக்கம் புரட்டணும்?"

உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னேன்.