மழைமானிக்கு மேல் வந்த கொடி

உன் நோட்டில் இன்னும் துத்தமும் சுண்ணாம்பும் மணக்கின்றன. திராட்சைக்கு மருந்து கலந்த கையோடு எழுதியிருப்பாய்; பக்கத்துக்குப் பக்கம் நீலக் கைரேகை. நீ போன மறுமாதமே உன் வீட்டுக்காரி இதைக் கொடுத்தனுப்பினார். நீ அளந்த மழை எண்கள்தான் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டனவே என்று பிரிக்காமல் போட்டுவைத்திருந்தேன். போன மாதம்தான் பிரித்தேன். அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

கடல் சூடாவதற்கும் நம் கம்பம் பள்ளத்தாக்கின் மழைக்கும் என்ன தொடர்பு என்று தேடுவது என் பிழைப்பு. அதற்குப் பல வருட மழைக் கணக்கு வேண்டும். மலையடிவாரத்தில் எனக்கென்று இருந்த ஒரே மழைமானி உன் தோட்டத்தில்தான். அதை நட்ட அன்று, கூடப் படித்தவன் என்றும் பாராமல் உன்னிடம் சட்டம் பேசினேன். இடத்தை மாற்றாதே, என்னைக் கேட்காமல் சுற்றி எதையும் தொடாதே என்றேன். நீ சிரித்தாய். "ஒன்னையக் கேக்காம ஒரு புல்லக்கூடப் பிடுங்க மாட்டேன் மாப்ள."

அதற்குப் பிறகு தினமும் காலை எட்டரைக்கு உன் போன். பெருநாளன்றும் தொழுகை முடித்து, புதுச் சட்டையோடு போய் அளந்து சொன்னவன் நீ. மில்லிமீட்டரைச் சொல்லிவிட்டு இழுப்பாய்: "அப்புறம் மாப்ள, இங்கன..." எனக்குப் பொறுமை ஏது? நம்பர் போதும், மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிடுவேன். திராட்சை விலையும் ஊர்க்கதையும் தவிர உனக்குச் சொல்ல என்ன இருக்கப்போகிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

வருடா வருடம் உன் மழை குறைந்தது. கடல் சூடு ஏறியது. இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுக் கட்டுரை எழுதினேன், பலரும் பாராட்டினார்கள். உன் நோட்டின் ஓரத்திலோ நீ வேறொன்று எழுதியிருந்தாய்: "கொடி மானிக்கு மேல வந்துருச்சு. மாப்ளட்ட கேக்கணும்." சில பக்கங்கள் தள்ளி: "சொல்ல வாயெடுத்தேன். வச்சுட்டான்."

அதைப் படித்த மறுநாளே பஸ் ஏறினேன். பந்தலை இழுத்துக் கட்டிய கம்பி வழியாக வெளியே வந்த கொடி மழைமானிக்குக் குடை பிடித்து நின்றது. குறைந்தது மழையா, இலை தடுத்த தண்ணீரா என்று இனி யார் சொல்வது? உன் வீட்டுக்காரி பக்கத்தில் வந்து நின்றார். "கவாத்துக்கு வந்த ஆள அந்த மூலையில கத்தி வைக்க விடலண்ணே. ஒங்கள ஒரு வார்த்த கேக்கணும்னு சொன்னாக." கொடி வெட்டியே பிழைத்தவன், ஒரு கொடியை வெட்ட என் வார்த்தைக்குக் காத்திருந்திருக்கிறாய்.

கட்டுரையைத் திருத்த வேண்டும் என்று ஆபீசில் நானே சொல்லிவிட்டேன். அளந்தவர் தவறு என்று ஒரு வரி போட்டால் முடிந்தது, அவர்தான் இப்போது இல்லையே என்றார் கூட வேலை பார்ப்பவர். அந்த வரியைப் போடாமல், அளந்தவர் எழுதிவைத்திருந்தார், நான்தான் கேட்கவில்லை என்று எழுதி அனுப்பினேன். அப்படியும் மனசு ஆறவில்லை.

இப்போது மற்ற ஊர்களில் அளப்பவர்களிடம் எண்ணை வாங்கியதும் போனை வைப்பதில்லை. வேறென்ன என்று கேட்கிறேன். ஆடு முட்டி மானி சாய்ந்தது, மகளுக்கு வரன் வந்தது, எல்லாம் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிறேன். ஆனாலும் எட்டரை மணியானால் கை தானாகப் போனைத் தேடுகிறது. நீ ஒரே ஒரு தடவை கூப்பிட்டால் போதும். நம்பரைக் கடைசியில் சொல்லு மாப்ள.