அண்ணன் வீட்டுச் சரிவில் என் வண்டி

நவம்பர் 11, செவ்வாய்

மலையடிவாரத்து முந்தல் வரை வெயில். மேலே ஏற ஏற மூட்டம். போடிமெட்டு தாண்டித் தூறல்.

நேற்று மதினி போன். "ஒருக்கா வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போங்க தம்பி. அவரு கேக்கமாட்டாரு, நாந்தேன் கேக்குறேன்." அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. புதனும் சனியும் ஜீப்பில் தேனிக்கு இறங்கி டயாலிசிஸ். இதுவே ஊரார் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அப்பா போனதும் ஓடைத் தண்ணீர் பாயும் ஏலத்தோட்டத்தைத் தான் வைத்துக்கொண்டு எனக்குப் பாறையை ஒதுக்கியவன். "படிச்சவனுக்குத் தோட்டம் எதுக்கு, அதான் சம்பளம் வருதுல்ல" என்று பங்காளிகள் முன்னால் சொன்னான். அதோடு பேச்சு நின்றது.

இன்றைய திட்டம்: வாசல் வரை. பார்ப்பது. உட்காரக் கூடாது. காபி கூடாது. திரும்புவது.

நடந்தது வேறு. வீட்டுக்கு ஏறுவது ஒற்றைப் பாதை. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். ஏறியபடியே நிறுத்தினேன். ஈரத்தில் ஹேண்ட்பிரேக் இறுகிப் பிடித்துக்கொள்ளும் என்று மலையில் யாரும் அதைத் தொடுவதில்லை. கியரில் விட்டு, பின் டயருக்கு ஒரு கல். நானும் அப்படியே. ஆனால் என்னுடையது ஆட்டோமேட்டிக், இடது முழங்காலுக்காக வாங்கியது. P-யில் போட்டு இறங்கிக் கல் வைத்தேன். ஈர மண்ணில் கல் அழுந்தி, வண்டி கொஞ்சம் பின்னால் சரிந்து நின்றது. நின்றதே போதும் என்று விட்டுவிட்டேன்.

அண்ணன் கட்டிலில். பாதி ஆள். என்னைப் பார்த்தான், பிறகு சுவரைப் பார்த்தான். மதினியிடம், "வந்தவங்கள உக்காரச் சொல்லு." நானும் மதினியிடம், "நேரமில்லைன்னு சொல்லுங்க."

மதினி இரண்டு பேரையும் பார்த்தாள். "நல்லாருக்குய்யா, நடுவுல நான் தபால் ஆபீசு."

கிளம்ப வந்தால் கியர் P-யை விட்டு வரவில்லை. பிரேக்கை மிதித்து, பட்டனை அழுத்தி, இழுத்து, மறுபடி. எஞ்சின் ஓடுகிறது. கியர் சிமெண்டில் நட்டதுபோல் நிற்கிறது.

அண்ணனின் ஜீப் டிரைவர் பால்ராஜ் எட்டிப் பார்த்தான். "கிளச்ச மிதிங்கண்ணே."

"கிளச் கிடையாது."

"கிளச்சு இல்லாத வண்டிய மலைக்கு ஆரு கொண்டாருவா?" இரண்டு கையாலும் இழுத்தான். கியரின் குமிழ் கையோடு வந்துவிட்டது. "இது மொதல்லயே லூசாத்தேன் இருந்துச்சு" என்று திருப்பிச் செருகினான். "ஆளக் கூப்புடவா? தள்ளிப் பாப்பம்."

வேண்டாம் என்றேன். உள்ளே பல் உடைந்துவிடும் என்றேன். உண்மையில் அண்ணன் கூலி ஆட்களின் கை என் வண்டியில் படக் கூடாது.

கம்பெனி உதவி எண். வெகுநேரம் பாட்டு. பிறகு ஒரு பெண்: "ஃபோர்ஸ் பண்ணாதீங்க சார். டோயிங் வண்டி வரும்." எப்போது? "மெசேஜ் வரும் சார்." சாயங்காலம் அந்த வண்டிக்காரன் முந்தலிலிருந்து பேசினான். மழையில் இத்தனை வளைவும் ஏற முடியாதாம். காலையில் பார்க்கலாமாம்.

ஜீப் மேலே, வீட்டு முற்றத்தில். பாதையை அடைத்துக்கொண்டு என் வண்டி. நாளை புதன்.

மதினி: "விடியவும் எறங்கணும் தம்பி. ஒருநா தவறுனா ஒடம்புல தண்ணி ஏறிக்கும். மூச்சு முட்டும்." குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

பள்ளிக்கு விடுப்புச் சொல்லவில்லை. என்னைத் தாண்டித் தலைமையாசிரியர் ஆனவர் மெமோ தருவார். தரட்டும்.

சாப்பிட்டேன். காபியும் குடித்தேன். திட்டத்தில் மிச்சம் எதுவும் இல்லை.

நவம்பர் 12, புதன்

மழை விட்டிருந்தது. கியர் அப்படியே. டோயிங்காரன் போனை எடுக்கவில்லை.

பால்ராஜ் கீழே மெயின் ரோட்டுக்கு வேறொரு ஜீப் சொல்லிவிட்டான். அண்ணனை பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து ஆட்கள் தூக்கி வந்தார்கள். என் வண்டியருகே நின்றுவிட்டார்கள். மேட்டுக்கும் வண்டிக்கும் நடுவே நாற்காலி நுழையாது. பள்ளத்துப் பக்கம் கால் வைக்கவே இடமில்லை. அண்ணன் எழுந்து நின்றான்.

"ஆராச்சும் முன்னால நின்னு கை குடுங்கப்பா" என்றாள் மதினி.

அந்தச் சந்தில் இருந்தவன் நான்தான். கியரை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு அப்போதுதான் இறங்கியிருந்தேன்.

ஒரு கையை பானெட்டில் வைத்தான். இன்னொன்று என் தோளில். ஊசி குத்திக் குத்தித் தடித்த கை. கனமே இல்லை. நான் பின்னோக்கி நடந்தேன். பக்கக் கண்ணாடி இடித்தது, மடக்கினேன். பின்கதவருகே மூச்சு வாங்க நின்றான். தபால் ஆபீஸ் பின்னால் நாற்காலியோடு நின்றது. அண்ணன் வண்டியைப் பார்த்துச் சொன்னான்:

"ஒத்த ஆளுக்கு எதுக்கு இம்புட்டு நீளம்?"

நானும் வண்டியைப் பார்த்தே, "நீளம் பாத்து வாங்கல. முழங்காலுக்காக."

"கெணத்து மேட்டுல விழுந்தியே, அந்தக் காலா?"

"ஆமா."

"அன்னைக்கே கட்டுப்போடச் சொன்னேன்."

சொல்லவில்லை. அன்று சிரித்தான். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பதில் வாய் வரை வந்தது. அவனுக்கு மூச்சு இளைத்தது. விட்டுவிட்டேன்.

அவர்கள் போனபின் வீட்டில் நானும் கோழிகளும். வேறு வழியில்லாமல் வண்டியோடு தந்த புத்தகத்தை எடுத்துப் படித்தேன். சரிவில் முதலில் ஹேண்ட்பிரேக், பிறகு P. மாறிச் செய்தால் வண்டியின் முழு எடையும் கியரின் பல்லில் உட்கார்ந்துவிடும். மேல்நோக்கிச் சற்றுத் தள்ளினால் விடுபடும்.

கேள்வியை முழுதாகப் படித்துவிட்டுப் பதில் எழுது என்று வருடக்கணக்காகப் பிள்ளைகளைத் திட்டியவன் நான்.

பால்ராஜ் ஆளைக் கூப்பிடவா என்றானே, செவ்வாய்க்கிழமையே.

அண்ணன் இருட்டியபின் வந்தான். அதே சந்து, அதே தோள்.

நவம்பர் 13, வியாழன்

இளவெயில்.

ஆள் கேட்க வேண்டும். வாய் வரவில்லை. மதினியிடம் சொன்னேன். மதினி அண்ணனிடம். அண்ணன் கட்டிலில் இருந்தே, "பறிக்கிறத விட்டுட்டு எல்லாரையும் வரச்சொல்லு. வெரசா."

ஏலக்காய் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் இடுப்புக் கூடையை அவிழ்த்துவிட்டு வந்தார்கள். நான் வண்டிக்குள்ளே. பின்னால் தள்ளியபடியே ஒருத்தி: "உள்ள இருக்கவரு எறங்குனா லேசா இருக்கும்."

இன்னொருத்தி: "அவரு எறங்கிவர்ற ஆளா இருந்தா எப்பவோ வந்திருப்பாருடி."

சிரிப்பு. கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன்.

வண்டி ஒரு விரற்கடை ஏறியது. பிரேக்கை மிதித்து இழுத்தேன். டக். வந்துவிட்டது. இவ்வளவுதான்.

பின்னோக்கியே மெயின் ரோடு வரை இறக்கித் திருப்பி நிறுத்தினேன், முதலில் ஹேண்ட்பிரேக். அப்படியே போயிருக்கலாம். சொல்லிக்கொள்ளாமல் போவது முறையில்லை. நடந்து ஏறினேன்.

அண்ணன் வெளியே வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். மதினி பக்கத்தில்தான் நின்றாள். அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டான்.

"ஜீப்புல போனா ஒலுக்குற ஒலுக்குல கொடலு வெளிய வருது. ஒன் வண்டி ஒலுக்குமா?"

"ஒலுக்காது."

"சனிக்கெழம விடியவும் எறங்கணும்."

கேட்டானா, உத்தரவு போட்டானா, தெரியவில்லை. எப்போதும் இப்படித்தான். ஓடைத் தோட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் எடுக்கவில்லை.

விடியற்காலை இறக்க வேண்டுமானால் வெள்ளி சாயங்காலமே ஏறி வந்துவிட வேண்டும்.