வெள்ளிக்கிழமைக்கான படம்

செவ்வாய், இரவு.

புற்றுநோய்த் திசுவை என் ப்ரோகிராம் தப்பே இல்லாமல் பிரித்துக் காட்டுகிறது என்று இத்தனை நாள் பீற்றிக்கொண்டிருந்தேன். இன்று லேபில் ஜூனியர் காவ்யா கேட்டாள்: "அக்கா, ட்யூமர் சாம்பிள் எல்லாம் பழைய மெஷின்ல ஓட்டினது, நார்மல் எல்லாம் புதுசுல. கவனிச்சீங்களா?" கவனிக்கவில்லை. சோதித்துப் பார்த்தேன். பாழாய்ப்போன ப்ரோகிராம் நோயைப் பார்க்கவே இல்லை. எந்த மெஷினில் ஓட்டியது என்பதை வைத்துத்தான் பிரித்திருக்கிறது.

பேராசிரியரிடம் சொன்னேன். "ரிசல்ட் நல்லாத்தானேம்மா இருக்கு? வெள்ளிக்கிழமை உன் இன்டர்வியூ முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அல்சூர் வரும்வரை மெட்ரோவில் அவரை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். வீட்டுக்கு வந்ததும், ட்யூமரும் நார்மலும் அழகாகப் பிரிந்து நிற்கும் அந்தப் படத்தை இன்டர்வியூ ஸ்லைடிலிருந்து அழிக்கத்தான் உட்கார்ந்தேன். படத்தின் தலைப்பைக் கொஞ்சம் பெரிதாக்கிவிட்டு லேப்டாப்பை மூடிவிட்டேன்.